காப்பித்தூளும் மெக்காவியின் காலும்

மெக்காவியின் குதிகால் புண்ணுக்குள் காப்பித்தூள் கருப்பாகப் படிந்திருந்ததைப் பார்த்தும் நர்ஸ் இன்ஷிராஹ் சத்தம் போடவில்லை. திரையை இழுத்துவிட்டு மெல்லக் கழுவினாள். பிறகு ஒரு கோப்பை காப்பி வாங்கிவந்து, அவன் மனைவி ஸப்ரிய்யாவின் கையில் வைத்தாள்.

"இது குடிக்கிறதுக்கு அக்கா. கால்ல போடுறதுக்கில்ல."

மெக்காவி அண்ணாந்து மனைவியைப் பார்த்தான். "நான் என்ன காப்பிச் சட்டியாடி?"

ஸப்ரிய்யா கூனிக் குறுகிப்போனாள். எகிப்தில், அவர்கள் ஊரான சோஹாக் பக்கம் காயம் என்றால் காப்பித்தூளை அப்புவார்கள். அவள் தாயும் அதைத்தான் செய்தாள். மெக்காவி கரும்பு வெட்டுகிறவன், சர்க்கரை நோயாளி. வெட்டிய கரும்பின் தூர் குத்திய குதிகால் ஆறாமல் இழுத்தது. இன்ஷிராஹ் லீவில் போன இரண்டு நாளும் யாரும் கட்டுத்துணியைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தத் துணிச்சலில்தான் தூளைத் திணித்தாள்.

"நான் இதை எழுதியே ஆகணும். முதல்ல நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் இன்ஷிராஹ்.

டாக்டர் வஹ்பா வந்தார். வீக்கத்தைப் பார்த்ததும், "நாளைக்கே இந்தக் காலை வெட்டி எடுத்துடலாம்" என்றார்.

இன்ஷிராஹ் நோட்டை நீட்டினாள். அவள் தினமும் புண்ணை அளந்து எழுதுகிறவள். "வியாழக்கிழமை வரைக்கும் சுருங்கிட்டுத்தான் வந்துச்சு டாக்டர். அப்புறம் ரெண்டு நாள் காலியா கிடக்கு."

ஸப்ரிய்யா அல்லாஹ்வின் பேரைச் சொல்லிக்கொண்டு எழுந்தாள். "தப்பு என்னுதுங்க. காப்பித்தூள் போட்டேன்."

டாக்டர் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மருந்தை மாத்தித் தரேன். அஞ்சு நாள். அதுக்கு மேல முடியாது."

அந்த ஐந்து நாளும் இன்ஷிராஹ் கை கழுவாமல் கட்டுத்துணியைத் தொடவில்லை. குதிகால் மெத்தையில் படாதபடி தலையணை வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தாள். தான் இல்லாத வேளைக்கு ஸப்ரிய்யாவுக்கும் அதைப் பழக்கினாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலில் உட்கார்ந்தால், "எந்திரிங்க மாமா, இது காப்பிக்கடை பெஞ்சா?" என்று கிளப்பினாள்.

ஐந்தாம் நாள் டாக்டர் தானே அளந்தார். புண் சிவந்து, சுத்தமாக, சுருங்கியிருந்தது.

"கத்திக்கு வேலையில்ல."

வார்டுப் பெண்கள் போட்ட குலவை தெருவரைக்கும் கேட்டது. ஸப்ரிய்யா தரையில் நெற்றி வைத்து அழுதாள்.

மூன்று வருஷம் கழித்து இன்ஷிராஹ் ஓய்வு பெற்ற அன்று, மெக்காவி ஸப்ரிய்யாவைக் கூட்டிக்கொண்டு, தோளில் கரும்புக் கட்டோடு இரண்டு காலாலும் நடந்தே வந்தான். வழியனுப்பு விழாவுக்கு நடுவே அவள் அவனை உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, மகன் வீட்டுக்கு ஊர் மாறிப் போக வண்டியில் ஏறியவள், ஸப்ரிய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் அவர் காலைப் பாருங்க அக்கா. காப்பிய மட்டும் கோப்பையில ஊத்துங்க."