நாற்பது கிராம் சீனக் காசு

"என் தராசுல ஏறாத செம்பை நான் வாங்குனதும் இல்ல, வாங்கப்போறதும் இல்ல. அது சீனாக்காரன் காசா இருந்தாலும் சரி, தேவேந்திரன் வீட்டுக் கொப்பரையா இருந்தாலும் சரி!"

1966ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், அருப்புக்கோட்டை பஜாரில், தமது பாத்திரக்கடை வாசலில் நின்றபடி சீனிச்சாமி இவ்வாறு பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர். இன்னொருவர் கடையில் எடை போடும் சோணைமுத்து. சம்பளம் வாங்குகிறவர் என்பதால் பலமாகத் தலையாட்டினார். மூன்றாமவர் மனைவி கோகிலாம்பாள். தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு, "சோறு ஆறுது" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சமயத்தில் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெட்டியில் கிடந்த பழைய செம்பும் பித்தளையும் எடைக்கு எடை சீனிச்சாமியின் கடைக்கு வந்தன. பழசைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிப்போவது பாத்திரக்கடை வழக்கம். அப்படி வந்த ஒரு குவியலில் சில தடித்த செப்புக் காசுகள் கிடந்தன. ஒரு பக்கம் வட்டத்துக்குள் நண்டு மாதிரி ஓர் எழுத்து. மறுபக்கத்தில் அந்த நண்டின் உற்றார் உறவினர். சோணைமுத்து அவற்றை உருக்கப்போகிற செம்புச் சாக்குப்பையில் போடப்போனார். "நில்லுய்யா!" என்றார் சீனிச்சாமி. இப்படியாக ஒரு மகத்தான சேகரிப்பு பிறந்தது.

மதுரையில் சங்கரபாண்டியன் என்றொருவர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், பழங்காசு சேர்ப்பதில் கரைகண்டவர். சீனிச்சாமி காசுகளில் மைபூசித் தாளில் அச்செடுத்து அவருக்கு அனுப்பினார். பதில் வந்தது. ராஜாவை இறக்கிவிட்டு 1912இல் சீனா குடியரசானபோது மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனியாகக் காசடித்தார்களாம். இவை செச்சுவான் மாகாணத்து ராணுவ சர்க்கார் அடித்தவையாம். பத்து, இருபது, ஐம்பது, நூறு, இருநூறு என்று ஐந்து வகை. நூறு என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு கோடு இருந்தால் நூறு, இரண்டு கோடு இருந்தால் இருநூறு. கடைசியில் ஒரு வரி: 'வெள்ளைக்காரன் இந்தச் சீனக் காசைக் கேஷ் என்பான். அந்தச் சொல் நம்முடைய காசிலிருந்து போனதுதான்.'

இந்தக் கடைசி வரி சீனிச்சாமியின் நெஞ்சை இரண்டு அங்குலம் விரித்துவிட்டது. "பேரே நம்ம பேருன்னா எடை மட்டும் எப்படி நம்ம கணக்குக்கு வராமப்போகும்?" என்று கேட்டார். பதில் சொல்லக்கூடியவர் யாரும் பக்கத்தில் இல்லாததால் அதுவே முடிவாயிற்று.

1968க்குள் நான்கு வகை சேர்ந்துவிட்டது. கல்லாவுக்கு மேல் சுவரில் மாட்டிய, பச்சை வெல்வெட்டு ஒட்டிய பலகையில் நான்கும் வரிசையாக ஏறின. சீனாக்காரனோடு சண்டை நடந்து ஆறு வருஷம்கூட ஆகாத காலம்; பஜாரில் அவரைச் 'சீனாச்சாமி' என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். அதை அவர் பொருட்படுத்தவில்லை. அவரைப் பொசுக்கியது ஐந்தாவது இடம். அது காலியாகக் கிடந்தது. தினமும் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டித் திரும்பினால் அந்தக் காலியிடம்தான் கண்ணில் குத்தியது.

நூறு என்று போட்ட காசு இருபது கிராம் நின்றது. ஆகவே இருநூறு காசு நாற்பது கிராம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சோணைமுத்து சந்தேகப்பட்டார். "அப்படிப் பாத்தா அம்பது காசு பத்துக் கிராம்ல நிக்கணும்? பதினாலு நிக்குதே மொதலாளி?"

"நூறு தேஞ்சுபோச்சுய்யா."

"பளபளன்னு இருக்கே?"

"சீனாவுல உள்ளுக்குள்ள தேயும்."

இருநூறைத் தேடி அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. புரியாத எழுத்துப் போட்ட பெரிய வட்டச் செம்பு காரியாபட்டியில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வேகாத வெயிலில் போனார். அது பெட்ரோமாக்ஸ் விளக்கின் மூடி.

திருச்சுழியில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பால்ச்சாமி அந்தச் சிரமத்தைக்கூட வைக்கவில்லை. சீனிச்சாமிக்கு என்ன எடை வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு, அவரே தேடி வந்து காசைக் கொடுத்தார். சின்னத் தராசில் வைத்தால் நாற்பது கிராம், அப்படி ஒரு சுத்தம்! கோட்டை எண்ணிப் பார்க்காமலே சீனிச்சாமி அதைப் பலகையில் ஏற்றினார். மூன்று மாதம் ஐந்தாவது இடத்தில் கொலுவிருந்த அந்தக் காசு, பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் 'டப்'பென்று இரண்டாகப் பிளந்து, ஒன்று கல்லாப்பெட்டியிலும் இன்னொன்று சீனிச்சாமியின் மடியிலும் விழுந்தது. நூறு போட்ட காசு இரண்டை அரக்கு வைத்து ஒட்டியிருந்தார் பால்ச்சாமி.

"தராசு ஏமாத்திருச்சே மொதலாளி!"

"தராசு என்னய்யா செய்யும்? நாப்பது கிராம்னு சரியாத்தான் சொல்லுச்சு. ஒரு காசா ரெண்டு காசான்னு நாமதான் அதுகிட்டக் கேக்கல."

1973இல் மாரிக்கனி வந்தார். பர்மாவில் பிறந்து, ஊர் திரும்பி, பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் லாரிக்காரர்களுக்கு இட்லிக்கடை நடத்துகிறவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து வைத்தார். நண்டு இருந்தது. இரண்டு கோடும் இருந்தது.

"எங்கய்யா சீனாக்காரன் மளிகையில வேலை பாத்தாரு அண்ணாச்சி. இது இருநூறு."

சீனிச்சாமி பலகையின் ஐந்தாவது இடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் கொள்கை கொள்கைதானே. தராசில் வைத்தார். இருபத்தாறு.

"பதினாலு கிராம் குறையுது தாயி."

"காசுல எழுதியிருக்கதப் பாக்காம என்னத்தையோ பாக்கீகளே?"

"எழுத்தை எவன் வேணும்னாலும் எழுதுவான். எடை பொய் சொல்லாது."

"அப்ப உங்க கடைப் போர்டையும் தராசுல வச்சுத்தான் வாசிப்பீகளோ?"

சோணைமுத்து ஒரு குத்துவிளக்குக்குப் பின்னால் குனிந்து சிரித்தார். சீனிச்சாமி பழஞ்செம்பு விலை சொன்னார். மாரிக்கனி காசை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸேறிப் போய்விட்டார்.

ஒரு போலியைக் கண்டுபிடித்த பெருமையைச் சீனிச்சாமி மதுரைக்கு விவரமாக எழுதினார். மூன்று வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது: 'சிப்பாய்களுக்குச் சம்பளம் போடச் செம்பு போதாமல், சின்னக் காசில் பெரிய எண்ணை அடித்தார்கள். இருநூறு காசு இருபத்தைந்து, இருபத்தாறு கிராம்தான் இருக்கும். யாரிடம் கண்டீர்? விடாதீர்!'

கார்டை மூன்று தரம் படித்தார். சோணைமுத்து பார்த்தபோது அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பந்தல்குடி பஸ்ஸில் இருந்தார்.

மாரிக்கனியின் கடையில், பசியில்லாமலே நான்கு இட்லி சாப்பிட்டார். சட்னியைப் பாராட்டினார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். பிறகு பட்டும் படாமலும், "அந்தக் காசு… கிடக்கா?" என்றார்.

"அதா? அந்தா பாருங்க."

புளியமரத்தடியில் ஒரு வெள்ளாடு நின்றது. அதன் கழுத்துக் கயிற்றில் செச்சுவான் மாகாணத்து ராணுவ சர்க்கார் தொங்கிக்கொண்டிருந்தது. நண்டுக்கு நேர் மேலே ஆணியடித்து ஓட்டை போட்டிருந்தது.

"ஓட்டை போட்டுட்டியே தாயி!"

"எடை குறைஞ்ச காசுதான அண்ணாச்சி? ஆட்டுக்காவது கண்ணு படாம இருக்கட்டுமேன்னு கட்டுனேன்."

சீனிச்சாமி இலையை மடித்தார். ஏழு வருஷம். அதில் மூன்று வாரம் மட்டும் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காசு முழுசாகக் கிடைத்திருக்கும்.

"என்ன வேணும், கேளு."

"துட்டு வேணாம். தையில எம்மக ராமலட்சுமிக்குக் கல்யாணம். அவளுக்குன்னு ஒரு பித்தளைக் குடம் வேணும், பெருசா. வியாழக்கிழமை வாரேன்."

வியாழக்கிழமை மாரிக்கனி வந்தார். ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்த காசு, கயிற்றோடு கையில் இருந்தது. பழசைப் போட்டுப் புதுசு வாங்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் சோணைமுத்து வழக்கப்படி, காசுக்குச் சின்னத் தராசையும் குடத்துக்குப் பெரிய தராசையும் துடைத்து வைத்து, எடைக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சீனிச்சாமி முக்காலியில் ஏறினார். கொக்கியிலிருந்து இருப்பதிலேயே பெரிய குடத்தைத் தாமே இறக்கினார். தூசியைத் துண்டால் துடைத்து மாரிக்கனியின் கையில் கொடுத்தார். மாரிக்கனி நீட்டிய காசைத் தராசைத் தாண்டிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"கல்லு, மொதலாளி?" என்றார் சோணைமுத்து.

"கீழ வையி," என்றார் சீனிச்சாமி, பக்கத்துக் கடைக்குக் கேட்காத குரலில்.