அந்தோணிசாமி நட்ட புல் சாகவில்லை

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஓவிய ஆசிரியர் அந்தோணிசாமி காலமானார். அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்ட கை கூசியது. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளியில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

பள்ளியின் முன்பக்கம் முழுக்கச் சரளை மண். கல்வராயன் மலையில் மழை கொட்டினாலும் எங்களுக்குத் தூறலோடு போய்விடும். தாவரவியல் ஆசிரியனான நான் இரண்டு முறை அங்கே புல்தரை போட்டேன். இரண்டும் சித்திரையைத் தாண்டவில்லை. அப்போதுதான் அந்தோணிசாமி மலையடிவார நர்சரி ஒன்றிலிருந்து டிவிஎஸ்ஸில் சாக்கு கட்டிக் கொண்டுவந்து அந்தப் புல்லை நட்டார். ஆப்பிரிக்க வெயிலில் பிறந்த அலங்காரப் புல். இடுப்பளவு வளர்ந்து, ஊதா நிறத்தில் நரிவால் போலக் கதிர் விடும். மாலை வெயில் பட்டால் பள்ளியே வேறாகத் தெரியும். “தண்ணி கேட்டு அழாத அழகு சார் இது” என்பார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியர் ஆரம்பித்தார். “இன்னா சார் இது! படம் போடறவரு செடி வளக்கறாரு, பாட்டனி வாத்தியாரு வேடிக்கை பாத்துக்கினு இருக்கீங்க!”

அறையே சிரித்தது. அந்தோணிசாமி மட்டும், “சும்மா இருங்க சார். அதோட பேரு, வம்சம்லாம் சாருக்குத்தான் தெரியும். நான் கலரப் பாத்து வாங்கிகினு வந்தேன், அவ்ளோதான்” என்றார். எனக்காகத்தான் பேசினார். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அடுத்த கோடையில் மனைவியின் அறுவை சிகிச்சைக்காக ஒரு மாதம் விடுப்பில் புதுச்சேரிக்குப் போனார். போகும் முன் என்னிடம் வந்தார். “வெயில் ஜாஸ்தியானா வைக்கோல் மாரி ஆயிடும் சார். பயந்துடாதீங்க, அடியில உசுரு இருக்கும். மழ வந்தா தானா எழும்பிக்கும்.”

சொன்னபடியே காய்ந்தது. அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வரவிருந்தார். தலைமை ஆசிரியர் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். “பொழைக்குமா சார்? நீங்க சொன்னா சரி.”

நான் குந்தி உட்கார்ந்து ஒரு தூரின் அடியை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, “செத்துப்போச்சு சார்” என்றேன். மதியமே டிராக்டர் வந்து எல்லாவற்றையும் தூரோடு பெயர்த்துப் போட்டது.

திரும்பி வந்தவர் வெறும் தரையைப் பார்த்து, தலைமை ஆசிரியரிடம் விவரம் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

“என் தப்பு சார். உசுரு இருக்கும்னு தெரியாத்தனமா சொல்லிட்டேன். போறதுக்கு முன்னாடி நல்லா தண்ணி காட்டியிருக்கணும். உங்களுக்குத்தான் கஷ்டம் குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“பரவாயில்லை” என்றேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

அதன்பிறகு அவர் எந்தச் செடியையும் நடவில்லை. யாராவது கேட்டால், “நமக்குக் கைராசி இல்லப்பா. பாட்டனி சாரே சொல்லிட்டாரு” என்பார். புல்லையே சாகடித்த சார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒன்பது ஆண்டுகள் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலும் அந்தக் கேலியை ஒருவர் பாசத்தோடு சொன்னார். நீங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். அன்று மாலை அவர் மகள் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் கோபப்படவில்லை.

“இத்தன வருசமா எங்க வூட்டு வழியாத்தான சார் தெனமும் போய்க்கினு வந்துக்கினு இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

இதை எழுதியதால் நான் திருந்திவிட்டதாக எண்ண வேண்டாம். ஆசிரியர் அறையில் அன்று எழுந்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் எரிகிறது. ஆனால் அந்தோணிசாமிக்குக் கைராசி இல்லை என்று இனி ஒருவரும் சொல்லாதீர்கள். அவர் நட்டது உயிரோடுதான் இருந்தது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவர் கேட்ட மன்னிப்பு மட்டும்தான். அது நான் கேட்டிருக்க வேண்டியது.