நின்றுபோன நகல்

பின்லாந்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு விசித்திரமான பக்கம் உண்டு. சர்வரில் எதையாவது கெடுத்தவன் தானே போய் அதில் தன் பெயரைப் போட்டு, எப்போது, எப்படிக் கெடுத்தேன் என்று எழுத வேண்டும். மற்றவர்கள் படித்து, கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். இப்போது அதில் என் பெயர் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை பேசுவோம் என்றிருக்கிறார்கள். வேலை போனால் குடியிருப்பு அனுமதியும் போகும். நாமகிரிப்பேட்டையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் என் மனைவி சுமதியும் மகளும் வர முடியாது.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். போர்வெல் போடும் ரிக் வண்டியில்தான் முதல் வேலை. ஒருமுறை தருமபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில், துளைக்கும் சுத்தியல் உடைந்து குழிக்குள் விழுந்துவிட்டது. தோட்டக்காரர் ஓடி வந்தார். டிரில்லர் பழனியண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாறைங்க. கெட்டிப் பாறை. நீங்க போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க சாமி."

அவர் நகர்ந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். "எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, சுத்தியல எடுக்க உங்களத்தான் உள்ள எறக்குவேன்."

சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டோம். தோட்டக்காரருக்குக் கடைசி வரை தெரியாது. ரிக்கில் எல்லோரும் அப்படித்தான். விழுந்ததைச் சொல்லக் கூடாது, எடுத்த பிறகு சொல்லவும் தேவையில்லை. பிறகு ரிக் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி டேட்டாபேஸ் கற்று, இவ்வளவு தூரம் வந்தேன். அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

இங்கே பல் மருத்துவமனைகளின் முன்பதிவுகள் எங்கள் சர்வரில் இருக்கின்றன. மூல சர்வரில் பதிவாவது உடனுக்குடன் நகல் சர்வருக்குப் போக வேண்டும். போன வியாழக்கிழமை நகல் நின்றுவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று எச்சரிக்கையின் சத்தத்தை அணைத்தேன். மேலாளர் எலினா கேட்டபோது, "கொஞ்சம் ஸ்லோ, பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். நகல் வாங்கிக்கொள்ளாத பதிவுகளை எல்லாம் மூல சர்வர் அதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டே போனது. சனி, ஞாயிறு வீட்டிலிருந்தபடியே மல்லுக்கட்டினேன். திங்கள் காலை பத்து மணிக்கு டிஸ்க் நிரம்பி, மூல சர்வரே நின்றது. வாய் வீங்கி வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, மருத்துவமனைகளில் காகிதத்தில் பெயர் எழுதினார்களாம்.

எலினா என் மேஜைக்கு வந்தார். எழுந்து கைகட்டி நின்றேன்.

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"ஆல்மோஸ்ட் முடிந்தது, மேடம்."

"நான் அதைக் கேட்கவில்லை."

"வியாழக்கிழமை."

அவர் என் கைகளைப் பார்த்தார். "குளிர்கிறதா?" என்று கேட்டு, போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, நகலுக்காகச் சேர்த்து வைப்பதை நிறுத்தி, இடத்தைக் காலி செய்தார். இருபது நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. நகலைப் பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாமாம். "நாங்கள் ஐந்து பேர் பக்கத்திலேயே இருந்தோமே" என்றார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் கோபம் இல்லை, இனி என்னை நம்ப முடியாது என்பது மட்டும் இருந்தது.

இன்று மதிய இடைவேளையில் சுமதி வீடியோவில் வந்தாள்.

"பாப்பாவுக்கு டி.சி. வாங்கிட்டேனுங்க. ஏனுங்க, கொரலே ஒரு மாதிரி இருக்குது? வேலையில ஏதாச்சுமுங்களா?"

"சளி புடிச்சிருக்குது. மத்ததெல்லாம் செரியாத்தான் இருக்குது."

சொல்லிவிடத்தான் நினைத்தேன்.

அதற்குள், "இவளப் பாருங்க" என்று போனைத் திருப்பினாள். மகள் இந்த ஊர்ப் பனிக்கு வாங்கிய தடித்த ஜாக்கெட்டைப் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டு, வாசல் வெயிலில் நின்றிருந்தாள். நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"காலையிலிருந்து கழட்ட மாட்டேங்கறாளுங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.