அம்மா படம் போட்ட அட்டை

எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று நீலக் கோப்புகள் உண்டு. கணவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது, எந்த மாத்திரை கொடுத்தார்கள், ரத்தப் பரிசோதனையில் என்ன எழுதியிருந்தது, எல்லாம் தேதிவாரியாகத் துளையிட்டு நாடாவில் கோத்திருக்கும். மத்திய அரசு அலுவலகத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு வேறு என்ன தெரியும்? டிஸ்பென்சரி கார்டு என் பெயரில் இருக்கிறது. மகன் இன்னும் படிப்பதால் அவனும் அதே கார்டில்தான். தில்லி மோதி பாக்கில் எங்கள் அரசு குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில் டிஸ்பென்சரி. அவனுக்குத் தும்மல் வந்தாலும் வரிசையில் நிற்பது நான், டாக்டரிடம் விவரம் சொல்வது நான், மருந்து வாங்குவது நான். அவனுக்கு இருபத்து மூன்று வயது என்பது அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது போலத்தான் நடந்துகொண்டேன்.

இப்படிப்பட்டவளை ஒரு ஆராய்ச்சி நிறுவனம் தேடி வந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையை மக்கள் எங்கே, யார் கையால் செய்துகொள்ள விரும்புகிறார்கள், நோய் இருப்பது தெரிந்த பிறகு சிகிச்சை எப்படிக் கிடைத்தால் விடாமல் வருவார்கள் என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. நகரத்தில் தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் ஒரு பகுதியிலும் கேட்க வேண்டியிருந்ததால் வினாத்தாள் தமிழில் வேண்டும். தில்லியில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் குறைவு. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்று அலுவலகத் தோழி என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

முதல் கூட்டம் சாணக்யபுரியில், ஒரு மாநில விருந்தினர் இல்லத்தில். யாரைப் பற்றிய ஆராய்ச்சியோ அவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. வடை இருந்தது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு பெரியவர் விரலை வைத்து, "ஹிந்தி வரியைவிட இது குட்டையாக இருக்கிறதே, ஏதாவது விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. நீளமாக இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று முடிவாயிற்று. நானும் இரண்டு சொற்களைச் சேர்த்தேன். அதற்கு எல்லோரும் தலையசைத்தார்கள்.

கேள்விகள் அட்டைகளாக இருந்தன. இரண்டிரண்டாகக் காட்ட வேண்டும், பார்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியா, தெருவுக்கு வரும் வண்டியா? டாக்டர் முடிவைச் சொல்வதா, தன்னைப் போன்ற ஒருவர் சொல்வதா? பெயர் கேட்கிற இடமா, எண் மட்டும் கொடுக்கிற இடமா? ஆறாவது அட்டைக்கு மட்டும் படம் சரியாக அமையவில்லை. வீட்டார் உடனிருந்து மருந்து கொடுத்துக் கவனிப்பது என்பது அதன் பொருள். வெறும் ஒரு வீட்டை வரைந்திருந்தார்கள். "வீட்டை வரைந்தால் யாருக்குப் புரியும்? அம்மாவைப் போடுங்கள்" என்றேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் மகனுக்கு டெங்கு வந்து, ஆறு நாள் லீவு போட்டு, அவன் கட்டில் பக்கத்தை விட்டு நான் நகராமல் பார்த்துக்கொண்டது எனக்கு நினைவு இருந்தது. நான் சொன்னபடியே வரைந்தார்கள்: கட்டிலில் ஓர் இளைஞன், பக்கத்தில் புடவை கட்டிய அம்மா, ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர். பார்க்கவே நிறைவாக இருந்தது.

இரண்டு சனிக்கிழமைகள் குடிசைப் பகுதிக்குப் போய் அட்டைகளைப் பரீட்சித்துப் பார்த்தோம். கூட வந்தது நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பஞ்சாபிப் பெண். முதல் நாள் முதலில் உட்கார்ந்தது ஒரு திருநங்கை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவள். வருடக்கணக்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறாவது அட்டையைக் காட்டியதும் விரலால் தள்ளிவிட்டாள்.

"யக்கா, இந்தம்மா படத்தை அந்தாண்ட வை. பாத்தாலே அடி விழும்போல இருக்கு."

"மருந்து கொடுக்கறாங்கம்மா, அடிக்கல."

"கையில தம்ளர் இருக்குல்ல. அதாலதான் எங்கம்மா அடிச்சது."

பக்கத்திலேயே சிகிச்சை மையம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று கேட்டேன்.

"எவ போவா? எதுத்த வீட்டுக்காரி அங்கதான் பெருக்கறா. நான் ரெண்டு பஸ் மாறி ஆத்துக்கு அந்தாண்ட போறேன்."

ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து ஹிந்தியில் சொன்னாள். "மேடம், காரணமெல்லாம் வேண்டாம். முதல் அட்டையா, இரண்டாவதா, அது போதும். ஜல்தி."

அன்று பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். ஆறாவது அட்டையை ஒருவர்கூட எடுக்கவில்லை. பாவம், இவர்களுக்கு வாய்த்த குடும்பங்கள் அப்படி என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், "எங்க வீட்டுலல்லாம் இப்படிக் கிடையாது" என்று அந்தத் திருநங்கையிடம் சொல்லவும் சொன்னேன்.

"அப்போ உங்க வீட்டுல இன்னும் யாருக்கும் எதுவும் வரலன்னு அர்த்தம்" என்றாள், கோபமே இல்லாமல்.

கலந்துகொண்டவர்களுக்கு நன்றியாக ஒரு துணிப்பை கொடுத்தார்கள். அதன் மேல் பெரிதாக சிவப்பு ரிப்பன், அதன் கீழே மூன்று மொழிகளில் எச்.ஐ.வி. ஆராய்ச்சி என்று அச்சு. மையத்துக்குப் போவதை மறைக்க இரண்டு பஸ் மாறுகிறவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் சந்துக்குள் போக வேண்டுமாம். படித்தவர்கள் ஒரு அறை நிறைய உட்கார்ந்து யோசித்துச் செய்த பை அது. அவள் அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, வெங்காயம் வாங்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. தமிழ் வினாத்தாளை முழுதாக வாசிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று வீட்டில் யாரையாவது வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்திருந்தது. கணவர் அலுவலக வேலையாக போபால் போயிருந்தார். மகனைக் கூப்பிட்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். அது போதும்.

"முதல் கேள்வி, நீங்க எந்தப் பிரிவு. பாலியல் தொழில், ஆணோட உறவு இருக்கிற ஆண், திருநங்கை, ஊசி வழியா போதை. இது உனக்கு வேண்டாம். விட்டுடறேன்."

"அச்சா" என்றான்.

அட்டைகளைக் காட்டினேன். தூரத்து மையம், எண் மட்டும், தன்னைப் போன்ற ஒருவர். யோசிக்காமல் எடுத்துக்கொண்டே போனான்.

"என்னடா, பரீட்சைக்குப் படிச்சவன் மாதிரி எடுக்கறே?"

"நீதான கேள்வி கேக்கறே. கமென்ட் அடிக்கலாமா?"

அடிக்கக் கூடாதுதான். பயிற்சியில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்: பதில் எதுவாக இருந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. பதில் சொல்பவர் பேசாமல் இருந்தால் கேள்வியை இன்னொரு தடவை நிதானமாக வாசிக்க வேண்டும். ஆறாவது அட்டையை வைத்தேன். அவன் அதை வெகுநேரம் பார்த்தான்.

"இது நீயா?"

"அம்மா யாரா இருந்தா என்ன? எடுக்கறியா இல்லையா?"

அவன் எடுக்கவில்லை, பேசவும் இல்லை. விதிப்படி நான் இன்னொரு தடவை வாசித்தேன். "வீட்டார் உடனிருந்து மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்வார்கள்."

"அந்த முதல் கேள்விக்குத் திரும்பப் போம்மா" என்றான். "அதுல ரெண்டாவது. அதான் நான்."

பிறகு மீதியையும் சொன்னான். நோய் இருப்பது எட்டு மாதமாகத் தெரியும். குருகிராம் பக்கம் ஒரு மையத்தில் பரிசோதனை செய்துகொண்டான். மாத்திரை சாப்பிடுகிறான். சமையலறையில் அவன் வைத்திருக்கும் வைட்டமின் டப்பாவில் இருப்பது அதுதான்.

அந்த நேரத்தில் நான் என்ன கேட்டேன் என்று இங்கே எழுதியே ஆக வேண்டும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பயந்துபோனாயா என்று கேட்கவில்லை. "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். இரண்டு சனிக்கிழமை போய் அந்த மக்களின் மனத்தை ஆராய்ந்துவிட்டு வந்தவள் கேட்ட முதல் கேள்வி இது. இரண்டாவதாக, "நாளைக்குக் காலையில டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தேன்.

அவன் சிரித்தான். "இதுக்குத்தான்மா சொல்லல. உன் ஃபைல்ல நான் ஒரு தாளா இருக்க மாட்டேன்."

"நான் உன்னை விட்டுடுவேன்னு நினைச்சியா? டெங்கு வந்தப்போ ஆறு நாள் நகராம உட்கார்ந்திருந்தேன்."

"ஆமா. நகரவே இல்ல. பாத்ரூமுக்குக்கூட வாசல் வரைக்கும் வந்தே. அந்த ஆறு நாளும் மாத்திரை போடல. எப்படிப் போடறது?"

இந்த மாத்திரையைத் தினமும் விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும் போல இருக்கலாம், அடிக்கடி விட்டுப்போனால் மருந்து வேலை செய்யாமலே போகலாம். வினாத்தாளின் முன்னுரையில் அதை மொழிபெயர்த்தவளே நான்தான். நல்ல தெளிவான வாக்கியம் என்று அதற்குப் பாராட்டும் கிடைத்திருந்தது.

வாசிப்பு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. நிறுவனத்துக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதினேன். ஆறாவது அட்டையில் கோளாறு இருக்கிறது, அம்மாவை எடுத்துவிடுங்கள், வீட்டார் விலகி நிற்பதற்கும் ஓர் அட்டை வேண்டும் என்றேன். மிக மதிப்புள்ள கருத்து, ஆனால் படிவம் இறுதி செய்யப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. இந்த நகரத்தில் எங்கேயோ அந்த அம்மா தம்ளரும் கையுமாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவளை யாராவது எடுத்தார்களா என்று அறிக்கை வரும்போது தெரியும். நான் படிக்கப்போவதில்லை.

அப்பாவிடம் தானே சொல்வதாகச் சொன்னான். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அந்த வருடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை. மருந்து வாங்கப் போகும்போது நானும் வரட்டுமா என்று கேட்டேன். மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் வரலாம் என்றான். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ரயிலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் திரும்பி வரும்போது கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல இருந்துவிடுகிறேன்.

வீட்டிலும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். அவன் மாத்திரை போடும்போது நான் தண்ணீர் கொண்டு வரக் கூடாது, பார்க்கவும் கூடாது, போட்டாயா என்று கேட்கவும் கூடாது. காலை எட்டு மணிக்கு அவன் சமையலறைக்குள் போனால் நான் பால்கனிக்குப் போய்த் துணி உலர்த்துகிறேன். டப்பாவின் மூடி திறக்கிற சத்தம், குழாய்ச் சத்தம், மறுபடி மூடியின் சத்தம். அதுவரை திரும்புவதில்லை. துவைக்காத நாட்களில் கொடியில் காய்ந்து கிடப்பதையே எடுத்து, உதறி, மறுபடியும் போடுகிறேன்.