ஒல்லாந்துக் கிழவரின் கேள்விகள்

பக்கத்து வீட்டு ஒல்லாந்துக் கிழவரை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. கனடாவில் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை கதைப்பார், குப்பை எடுக்கும் நாளைச் சொல்லுவார், கதவைச் சாத்திவிடுவார். இந்த மனுஷன் அப்படியில்லை. நாங்கள் யூனியன்வில்லுக்குக் குடிவந்த இரண்டாம் கிழமையே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உங்கள் நாட்டில் சண்டை நடந்தபோது எந்த ஊரில் இருந்தீர்கள் என்று என் கணவரைக் கேட்டார். சோறு ஆறுகிறது என்று சொல்லிக் கணவரை உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.

கூப்பிடாமல் என்ன செய்வது? கணவருடைய சிட்டிசன் விண்ணப்பம் போய் ஏழு மாதமாகியிருந்தது. நான் சின்னப் பிள்ளையில் வந்தவள். அவர் சண்டை முடிந்த பிறகு, என்னைக் கட்டி, நான் ஸ்பொன்சர் செய்து வந்தவர். ஸ்பொன்சர் காலத்திலிருந்து எல்லாப் படிவமும் நிரப்பியது நான்தான். படையிலோ ஆயுதக் குழுவிலோ இருந்தீர்களா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று அடையாளம் போட்டிருந்தேன். அதில் பொய் என்று கண்டால் சிட்டிசன் மட்டுமல்ல, இங்கே இருக்கிற உரிமையும் போய்விடும். யாரையோ திருப்பி அனுப்பிய கதை ஒன்று எங்கள் கலியாண வீடுகளில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கிழவரைக் கவனித்தேன். சட்டைப் பையில் ஒரு குட்டிக் கொப்பி வைத்திருந்தார். கணவர் ஏதாவது சொன்னால் அதை எடுத்து எழுதுவார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம். என்ன வேலை என்று கேட்டேன், பேப்பர் வேலை என்றார். எந்தப் பேப்பர், யாருடைய பேப்பர்?

"உந்தக் கிழவன் ஆள் விசாரிக்கிறான்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கிழவருக்குத் தன் முப்பாட்டனில்தான் பைத்தியம் என்றார். அந்த முப்பாட்டன் ஒல்லாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்தவராம். இங்கிலிஷ் அரைகுறை. போய்ச் சில வருடத்தில் அந்த நாட்டில் வடக்கும் தெற்கும் அடிபடத் தொடங்க, வடக்கின் படையில் சேர்ந்துவிட்டாராம். அவரைப் போல இன்னும் எத்தனையோ ஒல்லாந்துப் பெடியள், வந்து இறங்கிய நாட்டின் உள்வீட்டுச் சண்டைக்குத் துவக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை ஒன்ராறியோவுக்கு வந்திருக்கிறது. கிழவர் அதையெல்லாம் நூலகத்தில் பேசப்போகிறார், அதற்குத்தான் கொப்பி.

நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டிக்கொண்டு எங்களை ஆண்டவர்கள். அவர்கள் போய் இன்னொருத்தனின் சண்டையில் சாவார்களாம். நல்ல கதை. ஆனாலும் கணவர் சனிக்கிழமை தோறும் கிழவரின் கராஜுக்குப் போய் மணிக்கணக்காக இருந்துவிட்டு வந்தார். என்னோடு கதைக்கிறபோது அவருக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வராது.

ஒருநாள் நான் காரிலிருந்து சாமான் இறக்கும்போது கிழவர் வந்து, உங்கள் கணவர் 'சேர்வ்' பண்ணினவர்தானே என்று இங்கிலிஷில் கேட்டார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையல் கூடத்தில் வேலை செய்கிறவள். காலையிலிருந்து மாலை வரை எனக்குச் சேர்வ் என்றால் தட்டு. கணவரோ வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் அன்னதானத்தில் பந்தி பரிமாறுகிறவர். ஓமோம், கனகாலமாக, ஊரில் பெடியனாக இருந்த காலம் தொட்டே என்று பெருமையாகச் சொன்னேன். காயம் ஏதும் பட்டதா என்று கேட்டார். ஒருமுறை கை எரிந்தது, அடையாளம் இன்னும் இருக்கிறது என்றேன். கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். சோறு போடுகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று அன்றைக்கு மட்டும் எனக்கு அவரில் கொஞ்சம் பட்சம் வந்தது.

அடுத்த கிழமை தபால் பெட்டிக்குள் ஒரு நோட்டீஸ் கிடந்தது. நூலகத்தில் பேச்சு. கடைசி வரியில், தன் நாட்டின் போரில் சேவையாற்றிய அயலவர் ஒருவரும் சில வார்த்தைகள் பேசுவார் என்று அச்சடித்திருந்தது. கிழவர் கேட்ட 'சேர்வ்' படையில் இருந்ததைப் பற்றியது. நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு நேரே போய் அவருடைய கதவைத் தட்டினேன். கோயில், சோறு, கறி, வாளி, கரண்டி என்று மூச்சு விடாமல் விளங்கப்படுத்தினேன். கிழவர் முதலில் சிரித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். இருபது பிரதிதான், உங்களுடையதைத் தவிர ஒன்றும் வெளியே போகவில்லை, எல்லாவற்றையும் கிழித்துவிடுகிறேன் என்றார். போக எழும்பினேன். அப்போது அவர், நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து நான் அதை எழுதவில்லை என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருந்துகிறவர் போல வாயை மூடிக்கொண்டார்.

என்ன சொன்னார் என் கணவர் என்று கேட்டேன். அதை அவரிடம் கேளுங்கள் என்றார். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், மனுஷன் அசையவில்லை. ஆள் காட்டுகிறவன் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டான். அதுவரை கிழவரில் இருந்த சந்தேகம் முழுக்க அந்த வாசற்படியிலேயே என் புருஷனில் திரும்பியது.

வீட்டுக்குத் திரும்பினேன். கணவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். நோட்டீஸை வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தார். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். முப்பாட்டன் தன் தாய்க்கு எழுதிய கடிதங்களைக் கிழவர் காட்டினாராம். ஒன்றிலும் படை என்ற சொல்லே இல்லை. தோட்டம், சுகம், குளிர் என்று படைமுகாமுக்குள் இருந்துகொண்டே எழுதியிருக்கிறான். ஏன் மறைத்தான் என்று தனக்கு விளங்கவில்லை என்று கிழவர் சொல்ல, அம்மா தாங்க மாட்டா என்றுதான், நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன் என்று இவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டதாம். சண்டையின் கடைசிக் காலத்தில், பத்தொன்பது வயதில், இவரை இயக்கம் தன் படைக்குப் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு மாதம் வைத்திருந்தது. பிறகு ஓடிவந்துவிட்டார்.

பத்து வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள் நான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"பக்கத்து வீட்டு வெள்ளைக்குச் சொல்லுவியள், எனக்குச் சொல்ல மாட்டியளோ?"

"அவர் கேட்டவர்."

"நான் கேக்கேல்லையோ? ஒவ்வொரு ஃபோர்முக்கும் கேட்டனான்."

"நீர் கேக்கேல்லை" என்றார். "'நீங்கள் ஒண்டிலும் இருக்கேல்லைத்தானே' எண்டு சொன்னனீர். நான் வாய் திறக்க முதல் அடையாளமும் போட்டிட்டீர்."

பொய்யில்லை. சுகந்தானே, சாப்பிட்டாச்சுத்தானே என்று கேட்டே வளர்ந்த வாய் இது. மற்றவர் தலையாட்டினால் போதும், நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தப் படிவத்தில் அது பழக்கத்தால் வந்ததல்ல. வேறு பதில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவரைக் கட்டிய நாளிலிருந்து அந்தப் பயம் இருந்தது, நான்தான் அதைக் கிழவரின் தலையில் கட்டிவிட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை லோயரிடம் போனோம். குடிவரவுக்காரர் தாங்களாகக் கண்டுபிடிக்க முதல் நாமாக எழுதிக் கொடுப்பதுதான் வழி, ஆனால் என்ன முடிவு வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். நடந்ததை அவரே தன் வார்த்தையில் சொல்ல வேண்டும், நீங்கள் எழுதுங்கள் என்றார்.

ஞாயிறு மத்தியானம் மேசையில் இருந்தோம். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் போனது. அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைப் பலவந்தமாகத்தானே பிடித்தவை, நீங்கள் ஒருத்தரையும் சுடேல்லைத்தானே என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"எழுதும்" என்றார் கடைசியில். "ஓம், சுட்டனான்."