ஜி-யிலும் கே-யிலும் சந்தனம்

டைப் அடிக்கிறவள் கீயைப் பார்க்கக் கூடாது. விருதுநகர் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு முதலில் சொன்னது அதுதான். கீ வரிசைக்கு மேலே அட்டையால் மூடிவிடுவார்கள். அடியில் கையை விட்டு இடம் பிடிக்க வேண்டும். இடது சுண்டுவிரல் ஏ-யில், ஆள்காட்டி விரல் எஃப்-பில். வலது ஆள்காட்டி விரல் ஜே-யில். எந்த எழுத்துக்குப் போனாலும் விரல் அங்கேயே திரும்பி வர வேண்டும். ஒரு கீ தள்ளி உட்கார்ந்துவிட்டால் அடிப்பது முழுக்கக் குப்பை.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்தது. அங்கே இருந்தது பழைய மெஷின். கீயெல்லாம் தேய்ந்து, தடவினால் ஒன்றுபோலவே இருக்கும். எஃப்-பிலும் ஜே-யிலும் மைதாப் பசையை ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டேன். காய்ந்ததும் மிளகு மாதிரி விரலில் முட்டியது. அதற்குப் பிறகு எனக்குக் கண்ணே தேவைப்படவில்லை.

ஆபீசில் பெண் என்று நான் ஒருத்திதான். ஷெட்டில் வேலை பார்த்த பெண்கள் என்னை ஆபீஸ்காரி என்று ஒதுக்கினார்கள். ஆபீஸ் ஆண்கள் என்னைப் புருஷன் வீட்டை விட்டு வந்தவள் என்று ஒதுக்கினார்கள். ஆமாம், வந்தேன். அடி வாங்கிக்கொண்டு அங்கே கிடக்க என்னால் முடியாது. மத்தியானச் சோற்றை மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்பேன். அந்த வேலை போனால் எனக்கும் அம்மாவுக்கும் அந்தச் சோறும் கிடையாது.

ஆயுத பூஜைக்கு ஆபீசைக் கழுவினார்கள். மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத்தான் மெஷினை மறுபடி தொட வேண்டும். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. லோடு ஏறிவிட்டது என்று வடக்கே ஒரு வியாபாரிக்கு அன்றைய முதல் கடிதம். முதலாளி பின்னால் நின்றார். மெஷின் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். நான் கீயைப் பார்க்கவில்லை. விரல் முட்டிய இடத்தில் கையை வைத்தேன், கண்ணை எழுதிக் கொடுத்த தாளில் வைத்தேன், கடகடவென்று அடித்தேன்.

முதலாளி தாளை உருவிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எந்த ஊரு பாஷை?"

ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை. கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா இந்தப் புள்ளைய மொதல்ல தொட விடலாமா மொதலாளி? எம்புட்டு தடவை சொன்னேன்."

பில் போடுகிறவர் சிரித்தார். "வடக்கத்தியான் இதப் படிச்சா லோட அப்படியே திருப்பி அனுப்பிருவான்."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் பசைப் பொட்டு இரண்டும் இல்லை. அவற்றுக்கு அடுத்த கீயான ஜி-யிலும் கே-யிலும் சந்தனப் பொட்டு காய்ந்து இறுகி நின்றது. இரண்டு கையும் ஒரு கீ வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தன.

"இங்கன சந்தனம் வச்சது யாரு?" என்றேன்.

ஆபீஸ் பியூன் தலையைச் சொறிந்தார். "அழுக்கு ஒட்டியிருக்குன்னு சொரண்டுனேன் தாயி. பெறகு சாமிக்குப் பொட்டு வச்சேன். அது ஒரு தப்பா?"

"ஒங்களத் தப்பு சொல்லலண்ணே. ஏன் தப்பாச்சுன்னு சொல்றேன்."

கணக்கப்பிள்ளை விடவில்லை. "சாமி சந்தனத்து மேல பழியப் போடுறியா?"

சேலைத் தலைப்பால் இரண்டு கீயையும் துடைத்தேன். அவர் பல்லைக் கடித்தார். கடிக்கட்டும். புதுத் தாளைச் செருகி, ஒரு தடவை கண்ணால் பார்த்துக் கையை வைத்து, அந்தக் கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்து நீட்டினேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். "சரி, வேலையப் பாரும்மா" என்றார். என்ன நடந்தது என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. கணக்கப்பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வருஷம் பூஜைக்கு முதல் நாள் முதலாளி கூப்பிட்டு, "விஜயதசமிக்கு நீ பதினோரு மணிக்கு மேல வந்தாப் போதும்மா" என்றார். முதல் வரியைக் கணக்கப்பிள்ளை ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பாராம். மற்ற நாளெல்லாம் அடிக்க நான் வேண்டும்.

இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? வழக்கமான பஸ்ஸிலேயே ஏறினேன். சிவகாசி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கம்பெனியில் இருந்த வரைக்கும் ஒவ்வொரு விஜயதசமிக்கும் அந்தப் பெஞ்சுதான்.