உப்பு நட்சத்திரம்

என் அத்தை முப்பது வருஷம் பஸ்களில் டிக்கெட் பரிசோதித்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவள் சந்தேகம் மட்டும் டூட்டியிலேயே இருந்தது. பாலையும் உற்றுப் பார்ப்பாள், பால்காரரையும் உற்றுப் பார்ப்பாள்.

கிறிஸ்துமஸ் குக்கி செய்யும்போதுதான் கொஞ்சம் இளகுவாள். மாவை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துத் தேய்த்து, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, அச்சால் வெட்டுவாள். மணி, மரம், நட்சத்திரம். ஒன்பது வருஷம் முன்பு அந்த நட்சத்திர அச்சு காணாமல் போனபோது, "நீதான எடுத்த?" என்று கூடப்பிறந்த அக்காவையே, என் பெரிய அத்தையையே, கேட்டுவிட்டாள். அன்று படியிறங்கிய அக்கா திரும்ப வரவில்லை. அச்சு பிறகு அத்தை வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. அதைப் போய்ச் சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நட்சத்திரம் வெட்டும்போது மூக்கை உறிஞ்சுவாள். கேட்டால் ஜலதோஷம் என்பாள்.

இந்த வருஷம் வீட்டுக்கு மருமகள் வந்திருந்தாள். அதிகம் பேசாத பெண். அத்தைக்கு அதுவே முதல் சந்தேகம். குக்கி செய்த மறுநாள், டப்பாவில் எட்டு மணிகள் குறைந்தன.

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருக்கா பாரு! ஆபீஸ்ல கொண்டுபோய், நானே செஞ்சேன்னு பீத்திக்கிறா."

"அவகிட்டயே கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா எவ ஒத்துக்குவா? கையும் களவுமா பிடிக்கணும்."

ஒரு உருண்டை மாவில் மட்டும் சர்க்கரைத் தூளுக்குப் பதில் உப்பைக் கொட்டிப் பிசைந்தாள். அதை நட்சத்திரமாக வெட்டிச் சுட்டு, டப்பாவில் மேலாக அடுக்கினாள். மறுநாள் ஆறு நட்சத்திரம் போயிருந்தது. சாயங்காலம் மருமகள் சிரித்த முகத்தோடு வந்து டீ போட்டாள்.

"கல்லுளிமங்கி" என்று அத்தை என் காதில் முணுமுணுத்தாள்.

அப்போது போன் அடித்தது. பேசியது அக்கா. போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஒம்பது வருஷமாகியும் உன் ஆத்திரம் தீரலையா? மொதல்ல மணிய அனுப்பி அழவெச்ச. இப்ப அதே நட்சத்திர அச்சுல வெட்டி, உப்பக் கொட்டி அனுப்பியிருக்க. நான் வரல. இனி எப்பவும் வரல."

மருமகளுக்கு முகம் வெளிறிவிட்டது. "அத்தை, நீங்க அழுததப் பார்த்தேன். ஏன்னு உங்க பிள்ளைகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க குடுத்தீங்கன்னு சொல்லி நான்தான் பெரியம்மாகிட்ட கொண்டுபோனேன். கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னாங்க. இந்த உப்புதான் எப்படின்னு புரியல. நான் எடுத்து வெச்சதுல ஏதாவது தப்பாயிடுச்சா?"

அத்தை எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் காரை எடுத்தேன்; மருமகளும் ஏறிக்கொண்டாள்.

பெரிய அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அக்கா, அச்சு எங்க வீட்டுப் பரண்லதான் கெடந்துச்சு. தப்பு என்னுது." ஒன்பது வருஷம் வராத வார்த்தை ஒரே மூச்சில் வந்துவிட்டது. "அந்த உப்பு சத்தியமா உனக்கு இல்லக்கா."

"அப்ப யாருக்குப் போட்ட?"

படி உயரம் என்று மருமகள் அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தை தலையைத் தொங்கப்போட்டாள்.

"இவளுக்கு."

பிடித்திருந்த கை மெல்ல விலகியது. பெரிய அத்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்து, மருமகளிடம் சொன்னாள்: "நீ உள்ள வாம்மா."